டீப் பர்ப்பிளின் ‘பர்ன்’: பாடகர் போன பிறகு வந்த ஆல்பம்

டீப் பர்ப்பிள் ராக் குழு என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ கிதாரும், ‘சைல்ட் இன் டைம்’ பாட்டில் இயன் கில்லன் உச்சஸ்தாயியில் போடும் அலறலும்தான். அதில் தப்பில்லை. ஆனால் கில்லன் போனதோடு அந்தக் குழு முடிந்துவிட்டது, அப்புறம் வந்ததெல்லாம் பேரை வைத்து ஓட்டிய வண்டி என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறதே, அதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. 1974 பிப்ரவரியில் வெளிவந்த ‘பர்ன்’ ஆல்பத்தை ஒருமுறை ஒழுங்காக உட்கார்ந்து கேளுங்கள், முதல் பாட்டு முடிவதற்குள் அந்தப் பேச்சு எவ்வளவு அவசரமானது என்று தெரிந்துவிடும்.

நான் இங்கே எழுதுவது 2004இல் வந்த முப்பதாம் ஆண்டுப் பதிப்பு சிடியைப் பற்றி. பழைய எட்டுப் பாடல்களைச் சுத்தம் செய்து போட்டு, கூடவே சில உபரிகளையும் சேர்த்திருக்கிறார்கள். உபரிகளுக்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த ஆல்பம் எந்தச் சூழ்நிலையில் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது தெரியாமல் கேட்டால் இது ஒரு நல்ல ஹார்ட் ராக் ஆல்பம், அவ்வளவுதான். தெரிந்து கேட்டால் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழுவைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்தது காதில் கேட்கும்.

1968இல் இங்கிலாந்தில் ஆரம்பித்த குழு இது. ஜான் லார்ட் ஆர்கன், ரிச்சி பிளாக்மோர் கிதார், இயன் பெய்ஸ் டிரம்ஸ், நிக் சிம்பர் பேஸ் கிதார், ராட் எவன்ஸ் பாடகர். ரசிகர்கள் ‘மார்க் 1’ என்று சொல்வது இவர்களைத்தான். ஜோ சவுத் எழுதிய ‘ஹஷ்’ பாட்டை எடுத்துப் பாடி, அது அமெரிக்காவில் நாலாம் இடம் வரை போனது, சொந்த ஊரில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எவன்ஸின் குரல் இதமான குரல், ஆனால் பிளாக்மோரும் லார்டும் போக நினைத்த வேகத்துக்கும் சத்தத்துக்கும் அது தாங்காது. 1969இல் அவரையும் சிம்பரையும் வெளியே அனுப்பிவிட்டு எபிசோட் சிக்ஸ் என்ற குழுவிலிருந்து கில்லனையும் ரோஜர் குளோவரையும் கூட்டி வந்தார்கள். இந்தக் குழுவில் ஆள் மாறுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கு நாம் ‘ஒரிஜினல்’ என்று கொண்டாடும் மார்க் 2 என்பதே ஏற்கெனவே மாற்றப்பட்ட அணிதான், கில்லனும் ஒரு காலத்தில் புது ஆள்தான்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே 1969 செப்டம்பரில் லார்ட் எழுதிய கான்செர்ட்டோவை லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்தார்கள். அடுத்த வருஷமே அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ‘இன் ராக்’ என்று ஒரு முரட்டு ஆல்பம். ‘ஃபயர்பால்’, ‘மெஷின் ஹெட்’ இரண்டும் பிரிட்டனில் முதலிடம். ‘மெஷின் ஹெட்’ பதிவுக்காக 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவுக்குப் போனபோது, ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருக்கையில் அங்கிருந்த காசினோ தீப்பிடித்து எரிந்தது, ஏரி மேல் புகை பரவியதைப் பார்த்துத்தான் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பிறந்தது. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ இன்றைக்கும் நேரடிக் கச்சேரி ஆல்பங்களுக்கு ஓர் அளவுகோல். நாலே வருஷத்தில் இவ்வளவும்.

ஓயாத பயணம்தான் அவர்களைத் தின்றது என்று நினைக்கிறேன். பயணம், பதிவு, மறுபடி பயணம், நடுவில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போவது, இதற்கு மேல் கில்லனுக்கும் பிளாக்மோருக்கும் ஒத்தே வரவில்லை. 1972 டிசம்பரிலேயே கில்லன் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு 1973 ஜூன் கடைசிவரை ஒப்புக்கொண்ட கச்சேரிகளையெல்லாம் பாடி முடித்து, ஒசாகாவில் கடைசிக் கச்சேரியோடு கிளம்பினார். குளோவரையும் போகச் சொல்லிவிட்டார்கள், அதில் பிளாக்மோரின் கை இருந்தது. இதில் மனசு கஷ்டப்படும் விஷயம் ஒன்று உண்டு. ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ அமெரிக்காவில் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டு ரெக்கார்டாக வந்து நாலாம் இடத்தைத் தொட்டது அதே 1973 கோடையில்தான். பாட்டு ரேடியோவில் ஊரெல்லாம் ஒலிக்கிறது, பாடினவரும் பேஸ் வாசித்தவரும் குழுவில் இல்லை.

இந்த இடத்தில் பெரும்பாலான குழுக்கள் கடையைக் கட்டியிருக்கும். இல்லையென்றால் போன பாடகரைப் போலவே பாடும் ஒருவரைத் தேடிப் பிடித்து, பழைய பாட்டுகளையே பாடவைத்துக் காலம் தள்ளியிருக்கும். பர்ப்பிள் இரண்டையும் செய்யவில்லை.

முதலில் டிரபீஸ் குழுவிலிருந்து கிளென் ஹியூஸ் வந்தார். பேஸ் வாசிப்பவர், ஆனால் அதைவிடப் பெரிய பாடகர், அமெரிக்க சோல் இசையில் ஊறின குரல், எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகும். முன்னால் நின்று பாட ஃப்ரீ குழுவின் பால் ராட்ஜர்ஸைக் கேட்டுப் பார்த்தார்கள், அவர் பேட் கம்பெனி என்ற புதுக் குழுவை ஆரம்பிக்கும் யோசனையில் இருந்ததால் வரவில்லை. கடைசியில் தேர்வானவர் டேவிட் கவர்டேல். இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையோரம் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு உள்ளூர்க் குழுக்களில் பாடிக்கொண்டிருந்தவர். அதுவரை ஒரு ரெக்கார்டுகூடப் பெரிதாக வெளிவந்ததில்லை. ஒரு டேப்பை அனுப்பினார், கூப்பிட்டார்கள், பாடிக் காட்டினார், உலகின் பெரிய ராக் குழுக்களில் ஒன்றுக்குப் பாடகர் ஆகிவிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றுதான்.

கிளியர்வெல் கோட்டையில் தங்கிப் பாட்டுகளை உருவாக்கி, 1973 நவம்பரில் அதே மோன்த்ரோவுக்குப் போய், ‘மெஷின் ஹெட்’டைப் பதிவு செய்த அதே ரோலிங் ஸ்டோன்ஸ் மொபைல் ஒலிப்பதிவு வண்டியை வரவழைத்து, அதே ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச்சை வைத்துப் பதிவு செய்தார்கள். ஊரும் வண்டியும் ஒலிப்பதிவாளரும் பழசு, பாடுகிறவர்கள் மட்டும் புதுசு. அதனால்தான் ‘மெஷின் ஹெட்’டையும் ‘பர்ன்’னையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் ஆள் மாறியதால் என்ன மாறியது என்பது இவ்வளவு துல்லியமாகப் பிடிபடுகிறது.

சரி, முதல் பாட்டுக்கு வருவோம். ‘பர்ன்’. பிளாக்மோரின் கிதார் வரி தனியாக ஆரம்பிக்கிறது, துள்ளலான ஒரு வரி, அப்புறம் பெய்ஸ் உள்ளே வருகிறார். இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஹெட்போன் போட்டுக்கொண்டு, பாடகரை மறந்துவிட்டு, டிரம்ஸை மட்டும் கேளுங்கள். சாதாரணமாக ராக் பாட்டில் பாடகர் பாடும்போது டிரம்ஸ்காரர் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அடங்கியிருப்பார், வரி முடிகிற இடைவெளியில் ஒரு உருட்டு உருட்டிவிட்டு மறுபடி தாளத்துக்குத் திரும்புவார். பெய்ஸ் இங்கே அப்படிச் செய்யவில்லை. கவர்டேல் பாடப் பாட, அந்த வரிகளுக்கு அடியிலேயே ஸ்னேர், டாம் என்கிற டிரம்களில் உருட்டிக்கொண்டே இருக்கிறார், கிட்டத்தட்ட பாட்டு முழுக்க ஒரு தனி ஆவர்த்தனம் ஓடுகிறது. ஆனாலும் வேகம் ஒரு இழைகூட நழுவவில்லை, பாடுகிறவருக்கும் இடைஞ்சல் இல்லை. எத்தனையோ டிரம்ஸ்காரர்கள் இந்தப் பாட்டை வாசிக்க முயன்று பார்த்திருக்கிறார்கள், அடிகளை எல்லாம் சரியாகப் போட்டுவிடுகிறார்கள், அந்த லேசான கைதான் வரமாட்டேன் என்கிறது. பெய்ஸ் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், அது மணிக்கட்டில் தெரிகிறது.

அடுத்து குரல்கள். கவர்டேல் கீழே, அடித்தொண்டையில், கொஞ்சம் கரகரப்போடு வரியைப் பாடுகிறார். பாட்டு திரும்புகிற இடத்தில் ஹியூஸ் மேலே இருந்து வந்து விழுகிறார், தெளிவான கூர்மையான குரல். கில்லன் ஒரே ஆளாக இரண்டு வேலையும் பார்த்தார், கீழே பேசுவதும் மேலே அலறுவதும். அதே மாதிரி இன்னொருவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். அந்த ஒரு வேலையை இரண்டு ஆளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், அதிலிருந்து முன்பு இல்லாத ஒன்று கிடைத்தது. இருவரும் சேர்ந்து பாடும் இடங்களில் வரும் அந்த ஒத்திசைவு பழைய பர்ப்பிளில் கிடையவே கிடையாது.

நடுவில் பிளாக்மோரின் சோலோ. முதலில் ப்ளூஸ் வாடையோடு இழுத்து வாசிப்பவர், முடிகிற இடத்தில் ஐரோப்பியச் செவ்வியல் மேதை பாக்கின் இசையில் கேட்கிற மாதிரி படிப்படியாக இறங்கும் சுரக்கோவைக்குள் நுழைகிறார். அதே பாதையை லார்ட் ஆர்கனில் தொடர்கிறார். லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) வழியாக, கிதார்காரர்கள் செருகுகிற அதே மாதிரி செருகி வாசிப்பவர், அதனால்தான் அந்த உறுமல். சர்ச்சில் வாசிக்கிற சுரங்களை இப்படி உறுமவைத்துக் கேட்பதில் ஒரு சிலிர்ப்பு இருக்கிறது. ஆறு நிமிஷப் பாட்டு, ஓர் இடத்தில்கூடத் தொய்வு கிடையாது. ‘மெஷின் ஹெட்’டில் வந்த ‘ஹைவே ஸ்டார்’ உசத்தியா ‘பர்ன்’ உசத்தியா என்று யாராவது கேட்டால் நான் ‘பர்ன்’ என்றுதான் சொல்வேன், சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.

பாட்டு வரிகளைப் பற்றி அப்படிச் சொல்லமுடியாது. நகரத்தை எரிக்கவந்த சூனியக்காரி மாதிரி ஒருத்தி, வானம் சிவக்கிறது, ஜனங்கள் ஓடுகிறார்கள், இதுதான் விஷயம். கவர்டேல் இந்தப் பாட்டுக்குப் பல விதமாக எழுதிக் கொடுத்து அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். புதுப்பையன் பயந்துகொண்டே எழுதினது தெரிகிறது. ஆனால் பாடும்போது அந்தப் பயம் துளியும் இல்லை.

‘மைட் ஜஸ்ட் டேக் யுவர் லைஃப்’ ஆர்கனில் ஆரம்பிக்கிற மிதவேகப் பாட்டு, இதைத்தான் சிங்கிளாக வெளியிட்டார்கள். நல்ல பாட்டு, ஆனால் சிங்கிளுக்கு இது சரியான தேர்வா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ‘லே டவுன், ஸ்டே டவுன்’ வேகம், குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் விளையாட்டு. ‘செயில் அவே’ நின்று கேட்க வேண்டிய பாட்டு, கிதார் கனமாக மெதுவாக நடக்க, அதன் கூடவே ஒரு ஃபங்க் நடை ஒட்டிக்கொண்டு வருகிறது. கவர்டேல் தன் குரலின் அடிமட்டத்தில் இருக்கிறார். ஹியூஸ் கொண்டுவந்த கறுப்பின அமெரிக்க இசையின் வாசனை முதன்முதலில் நன்றாக அடிப்பது இங்கேதான், அடுத்த ஆல்பத்தில் குழுவையே இரண்டாகப் பிளக்கப்போகிற வாசனை அது.

‘யூ ஃபூல் நோ ஒன்’ பெய்ஸின் இன்னொரு காட்சி. கௌபெல் என்கிற உலோக மணியைத் தட்டிக்கொண்டே ஓடும் ஒரு தாளம், அது நிற்பதே இல்லை, அதன்மேல் இரண்டு குரலும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சேர்ந்தே பாடுகின்றன. மேடையில் இதைப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் நீட்டி வாசித்தார்கள், நடுவில் ஆளாளுக்குத் தனி ஆவர்த்தனம். ஆல்பத்தில் இருக்கிற சுருக்கமான வடிவம்தான் எனக்குப் பிடித்தது.

‘வாட்ஸ் கோயிங் ஆன் ஹியர்’ பாட்டை விட்டுவிடலாம். சாராயக்கடை ப்ளூஸ், ஜாலியாக வாசித்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் வாசித்திருக்கக்கூடிய பாட்டு. ஆல்பத்தின் பலவீனமான இடம் இதுதான்.

அதற்கு அடுத்தது ‘மிஸ்ட்ரீட்டட்’. முந்தின பாட்டின் குறையெல்லாம் மறந்துபோகும். பிளாக்மோர் இந்தக் கிதார் வரியை மார்க் 2 காலத்திலேயே உருவாக்கி, வெளியே காட்டாமல் வைத்திருந்தார் என்பார்கள். பத்திரப்படுத்தினது வீண்போகவில்லை. ஹியூஸ் இதில் பாடவில்லை, ஏழு நிமிஷத்துக்கு மேல் கவர்டேல் ஒருவர்தான். காதலில் ஏமாந்தவன் புலம்புகிறான், அவ்வளவுதான் பாட்டு, ஆனால் அந்தப் புலம்பலில் இட்டுக்கட்டினது எதுவும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பிறகு பிளாக்மோர் கிதாரில் ஒரு பதில் சொல்கிறார், அவசரமே படாமல், ஒரு சுரத்தை வளைத்துப் பிடித்து அது தானாக அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொடுகிறார். வேகத்துக்குப் பேர்போன ஒருவர் இப்படிப் பொறுமையாக வாசிப்பதைக் கேட்கும்போதுதான் அவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்று புரிகிறது. கடைசியில் வேகம் இரட்டிப்பாகிப் பாட்டு ஓடி முடிகிறது, எனக்கு அந்தப் பகுதி வேண்டியதில்லை, மெதுவாகவே முடித்திருக்கலாம்.

இந்தப் பாட்டைக் கில்லன் பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரமாதமாகப் பாடியிருப்பார், ஆனால் வேறு பாட்டாகியிருக்கும். அவருடைய குரலில் எப்போதும் ஒரு தெனாவட்டு உண்டு, தோற்றுப்போனவனின் குரல் அவரிடம் இல்லை. கவர்டேலிடம் அது இருந்தது. துணிக்கடையிலிருந்து வந்த பையனை நம்பி இவ்வளவு பெரிய பாட்டைத் தனியாக அவன் தலையில் வைத்தார்களே, அந்தத் துணிச்சல்தான் இந்த ஆல்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கடைசியாக ‘ஏ 200’, முழுக்க இசைக்கருவிகள், லார்ட் சிந்தசைசரைப் பரிசோதித்துப் பார்க்கிறார். அணிவகுப்பு மாதிரி ஒரு தாளம். இப்போது கேட்கும்போது அந்த சிந்தசைசர் சத்தம் பழசாகிவிட்டது தெரிகிறது, அவருடைய ஹேமண்டோ இன்னும் புதுசாகவே இருக்கிறது.

அட்டைப் படத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேரின் முகத்தையும் மெழுகுவர்த்திகளாகச் செய்து ஏற்றிவைத்து எடுத்த படம், பின்பக்கத்தில் அவை உருகிப்போயிருக்கும். எல்பி அளவில் பார்த்தால் அழகு, சிடி அளவில் அதில் பாதி போய்விடுகிறது. எல்பியில் இன்னொரு விஷயம், ஒப்பந்தச் சிக்கலால் பாட்டு உருவாக்கியவர்கள் வரிசையில் ஹியூஸின் பேரே இல்லாமல்தான் முதலில் வெளியானது. இவ்வளவு பாடி, இவ்வளவு உழைத்தவருக்கு அது அநியாயம். 2004 பதிப்பில் அவர் பேரைச் சேர்த்திருக்கிறார்கள், இந்தப் பதிப்பை வாங்க அதுவும் ஒரு காரணம்.

உபரிகளில் ‘கொரொனாரியாஸ் ரெடிக்’ என்ற பாட்டுதான் முக்கியம். அந்தக் காலத்தில் சிங்கிளின் பின்பக்கமாக மட்டும் வந்தது, ஆல்பத்தில் கிடையாது. ஏறக்குறைய முழுவதும் கருவியிசை, பிளாக்மோர் கட்டவிழ்த்துவிட்ட மாதிரி வாசிக்கிறார், கடைசியில் குரல்கள் சொல்லில்லாமல் எழும்பும். மற்றவை ஆல்பத்திலுள்ள பாட்டுகளையே 2004இல் புதிதாக மிக்ஸ் செய்தவை, பழசோடு ஒப்பிட்டுக் கேட்கிறவர்களுக்கு ருசியாக இருக்கும், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். ரீமாஸ்டர் சுத்தமாக இருக்கிறது, ஹியூஸின் பேஸ் நன்றாகப் பிரிந்து கேட்கிறது.

ஆல்பம் பிரிட்டனில் மூன்றாம் இடம், அமெரிக்காவில் ஒன்பதாம் இடம் வரை போனது. புதுப் பாடகரை ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்களா என்ற கேள்விக்குப் பதில் கலிஃபோர்னியாவில் கிடைத்தது. 1974 ஏப்ரல் 6, கலிஃபோர்னியா ஜாம், ஆன்டாரியோ கார் பந்தயத் திடல், இரண்டு லட்சம் பேருக்கு மேல் கூட்டம். இருட்டிய பிறகுதான் மேடையேறுவோம் என்று பிளாக்மோர் அடம்பிடித்து, ஏற்பாட்டாளர்களோடு தகராறாகி, கடைசியில் மேடையில் கிதாரால் டிவி கேமராவைக் குத்திக் கிழித்து, ஆம்பைக் கொளுத்தி வெடிக்கவைத்தார். எல்லாரும் அந்த வெடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் அந்தப் பதிவைப் பார்க்கச் சொல்வது முதல் பாட்டுக்காக. கச்சேரியை ‘பர்ன்’னில்தான் ஆரம்பிக்கிறார்கள், வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஆல்பத்தின் பாட்டு. பழைய வெற்றிகளில் ஒன்றை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. கவர்டேலும் ஹியூஸும் அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன்னால் பயமே இல்லாமல் நிற்பதைப் பாருங்கள்.

இந்த அணி நீடித்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கும். நீடிக்கவில்லை. அதே வருஷக் கடைசியில் வந்த ‘ஸ்டார்ம்பிரிங்கர்’ சோலும் ஃபங்க்கும் பக்கமாகச் சாய்ந்தது, பிளாக்மோருக்கு அது பிடிக்கவில்லை, 1975 ஏப்ரலில் பாரிஸ் கச்சேரியோடு கிளம்பி பாடகர் ரானி ஜேம்ஸ் டியோவோடு ரெயின்போ குழுவை ஆரம்பித்துவிட்டார். அவர் இடத்துக்கு வந்த டாமி போலின் அருமையான வாசிப்பாளர், ‘கம் டேஸ்ட் த பேண்ட்’ இன்றைக்குக் கிடைக்கிற மரியாதையைவிட அதிக மரியாதைக்குரிய ஆல்பம், ஆனால் போதை அவரையும் ஹியூஸையும் பிடித்து ஆட்டியது. 1976 மார்ச்சில் லிவர்பூல் கச்சேரியோடு குழு முடிந்தது. அந்த வருஷம் டிசம்பரிலேயே போலின் இறந்துபோனார், வயது இருபத்தைந்து. இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

அதற்குப் பின்னால் நடந்ததை எல்லாம் சொன்னால் தனிப் புத்தகம் போடலாம். 1980இல் முதல் பாடகர் ராட் எவன்ஸ் டீப் பர்ப்பிள் பேரில் ஒரு போலிக் குழுவோடு மேடையேறி, வழக்கில் தோற்று, பழைய ஆல்பங்களின் ராயல்டியையும் இழந்தார். 1984இல் மார்க் 2 மறுபடி கூடி ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ கொடுத்தது. 1989இல் கில்லனை அனுப்பி ஜோ லின் டர்னரைக் கொண்டுவந்தார்கள், அந்த மாற்றம் எடுபடவில்லை, ஒரே ஆல்பத்தோடு கில்லன் திரும்பிவந்தார், பிளாக்மோர் 1993 நவம்பரில் ஒரேயடியாகப் போனார். கொஞ்ச நாள் ஜோ சட்ரியானி கிதாரில் கைகொடுத்தார், பிறகு ஸ்டீவ் மோர்ஸ் வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். பிளாக்மோர் இருந்த மொத்தக் காலத்தைவிட அது அதிகம். 2002இல் லார்ட் ஓய்வு பெற டான் ஏரி வந்தார். 2012இல் லார்ட் காலமானார். 2022இல் மனைவியின் உடல்நிலைக்காக மோர்ஸ் விலக, சைமன் மெக்பிரைட் கிதார் எடுத்தார். 1968 முதல் இன்றுவரை எல்லா அணியிலும் இருந்தவர் ஒரே ஒருவர்தான், இயன் பெய்ஸ். முதல் பாட்டில் டிரம்ஸை மட்டும் கேளுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

எனக்கு இருக்கிற ஒரே ஆதங்கம், 1984க்குப் பிறகு கில்லன் இருக்கும் எந்த மேடையிலும் இந்த ஆல்பத்தின் பாட்டுகள் ஒலித்ததில்லை என்பது. அடுத்தவர் பாட்டைப் பாடமாட்டேன் என்கிற அவருடைய நிலைப்பாடு நியாயமானதுதான், அதை மதிக்கிறேன். ஆனால் அதனால் என்ன ஆயிற்று என்றால், பர்ப்பிளை மேடையில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு ‘பர்ன்’ என்று ஒரு ஆல்பம் இருப்பதே சரியாகத் தெரியாமல் போனது. 2016இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் கவர்டேலும் ஹியூஸும் கௌரவிக்கப்பட்டார்கள், அன்றைக்கும் இந்தப் பாட்டு வாசிக்கப்படவில்லை. தன் ஒயிட்ஸ்நேக் குழுவின் பேரில் 2015இல் கவர்டேல் இந்தப் பாட்டுகளைத் திரும்பப் பதிவு செய்தார், ஹியூஸும் தன் கச்சேரிகளில் பாடிவந்திருக்கிறார். இருவரும் தனித்தனியாகப் பாடும்போது அந்த மற்றக் குரலைக் காது தேடுகிறது.

வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. டீப் பர்ப்பிளையே இதுவரை கேட்டதில்லை என்றால் ‘மெஷின் ஹெட்’ முதலில், அடுத்து உடனே ‘பர்ன்’. நடுவில் வந்த ‘ஹூ டூ வி திங்க் வி ஆர்’ ஆல்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், களைத்துப்போன ஆட்களின் ஆல்பம் அது. எல்பி பிளேயர் இருந்தால் எல்பியே வாங்குங்கள், அட்டைக்காகவும், ‘மிஸ்ட்ரீட்டட்’ இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அழகுக்காகவும். பயன்படுத்திய எல்பி என்றால் இரண்டாம் பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், அந்தப் பாட்டுக்காகவே திரும்பத் திரும்ப ஊசி வைத்துத் தேய்த்திருப்பார்கள். சிடி என்றால் 2004 பதிப்பு, ‘கொரொனாரியாஸ் ரெடிக்’ பாட்டுக்காகவும் ஹியூஸின் பேருக்காகவும். போனில் ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பெய்ஸின் கை வேலை அதில் பாதிகூட வராது. பிடித்துப்போனால் அடுத்து ‘மேட் இன் யூரோப்’, பிளாக்மோர் கிளம்பும் முன் 1975இல் பதிவான கச்சேரிகள், ‘பர்ன்’னும் ‘மிஸ்ட்ரீட்டட்’டும் மேடையில் எப்படி வளர்ந்தன என்று அதில் கேட்கலாம்.